உதவிப் பணத்தில் தொழில்: திருச்சி தரும் சான்று

வெளிநாட்டு உதவியும் வளர்ச்சி நிதியும் ஒரு நகரத்துக்கு வரும்போது அங்குள்ள தொழில்களுக்கு அதில் என்ன இடம்? ஒப்பந்ததாரர், கொடையாளர், கடன் கொடுப்பவர், சேவை விற்பவர் என்று நான்கு வேடங்களையும் திருச்சி பார்த்திருக்கிறது. நான்கையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்க விரும்புகிறேன்: வேலை கெட்டுப்போனால் யாருக்கு நஷ்டம்?

ஒப்பந்ததாரரிலிருந்து தொடங்கலாம். திருவெறும்பூர் பெல் ஆலை 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு எழுந்தது. பிறர் கைகொடுத்து வளர்ந்த அந்த நிறுவனம் 2016இல் வங்கதேசத்தின் ராம்பாலில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டும் ஒப்பந்தத்தைப் பெற்றது. அதற்கான கடனை, 160 கோடி டாலர், நம் எக்சிம் வங்கி கொடுத்தது. சுந்தரவனக் காடுகளுக்குப் பக்கத்தில் இந்த நிலையம் வேண்டாம், வேறிடம் பாருங்கள் என்று யுனெஸ்கோவின் ஆய்வுக்குழு அதே ஆண்டு கேட்டுக்கொண்டது. வேலை நிற்கவில்லை, 2022இல் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. பெல்லுக்கு ஆர்டர் வந்தால்தான் துவாக்குடிப் பட்டறைகளில் வெல்டிங் பொறி பறக்கும் என்பதை அறிந்தவன் நான். அந்த வருமானத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கொடுப்பவரும் வாங்குபவரும் பேசி முடித்த அந்தப் பேரத்தில் நிலையத்தை ஒட்டிய பசூர் ஆற்று மீனவருக்கு இடமே இல்லை. இது ஏற்றுமதி வணிகம். உதவி என்ற பெயரில் இதற்குத் தனிச் சலுகை கேட்பது நியாயமாகாது.

கொடையாளர் வேடத்துக்கு 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பெரிய மேடை அமைத்துக் கொடுத்தது. பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அடுத்த ஆண்டே பள்ளிகளில் கழிப்பறை கட்டும் பொறுப்பு மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் தலையில் விழுந்தது. என்ன ஆயிற்று? தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் ஆய்வு செய்து 2020இல் அறிக்கை தந்தார். கட்டப்பட்டவற்றில் 30 விழுக்காடு பயன்பாட்டில் இல்லை. 72 விழுக்காட்டில் உள்ளே தண்ணீர் வசதி இல்லை. 200 கழிப்பறைகள் கட்டியதாகக் கணக்கில் இருந்தன, இடத்தில் இல்லை. கட்டியவர்களுக்கு மனம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கட்டிமுடித்த நாளோடு அவர்களுடைய கணக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு குழாயில் தண்ணீர் வராவிட்டால் அந்த நிறுவனத்தில் யாருக்கும் நஷ்டமில்லை.

இதற்கு எதிர்ச் சான்றும் உள்ளூரிலேயே இருப்பதால் அதை மறைக்கக் கூடாது. ஸ்ரீரங்கம் கோயில் திருப்பணி 2015 குடமுழுக்கோடு நிறைவேறியபோது அறங்காவலர் குழுத் தலைவராக இருந்தவர் டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன். பழைய வடிகால்களையும் மழைநீர்ச் சேகரிப்பையும் மீட்டெடுத்ததைச் சுட்டிக்காட்டி, யுனெஸ்கோ 2017இல் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது வழங்கியது. கொடை இங்கே ஏன் பலித்தது? ஒருநாள் வடிகால் அடைத்தாலும் பிராகாரத்தில் தண்ணீர் நிற்கும். ஆயிரம் பேர் கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல நிலையான நிர்வாகம் இருக்கிறது. அரசுப் பள்ளிக் கழிப்பறைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

மூன்றாவது வேடத்தில்தான் திருச்சி உலகத்துக்கே புதிதாக ஒன்றைக் காட்டியது. 1987இல் இங்கே தொடங்கிய கிராமாலயா, பிரிட்டனின் வாட்டர்எய்டு உதவியோடு நகரின் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பிடங்களை மகளிர் குழுக்களின் கையில் ஒப்படைக்க வழிசெய்தது. உள்ளே போகிறவர் சில்லறைக் காசு கொடுப்பார். அந்தக் காசிலிருந்து துப்புரவுக் கூலி, மின்சாரக் கட்டணம், பழுது பார்க்கும் செலவு. அந்தக் கழிப்பிடம் நாறினால் அதே தெருவில் குடியிருக்கும் குழுத் தலைவியின் வீட்டு வாசலுக்குத்தான் சண்டை வரும். பராமரிப்புக்கு அதைவிட உறுதியான காப்பீடு எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த படி 2007இல் வந்தது. கிராமாலயாவின் வழியில் ‘கார்டியன்’ என்ற குறுநிதி நிறுவனம் தொடங்கியது. மாடு வாங்க, கடை வைக்க என்றெல்லாம் இல்லாமல், தண்ணீர் இணைப்புக்கும் கழிப்பறைக்கும் மட்டுமே கடன். அமெரிக்காவின் அக்யூமென் நிதியம் இதில் பணம் போட்டது, நன்கொடையாக அல்லாமல் திரும்ப வர வேண்டிய முதலாக. வங்கிகளும் கடன் கொடுத்தன.

இதன்மேல் எழும் ஆட்சேபம் கனமானது. கழிப்பறை என்பது உரிமை. அதற்கு ஏழைப் பெண் ஏன் வட்டி கட்ட வேண்டும்? 2010இல் ஆந்திரத்தில் குறுநிதி நிறுவனங்களின் வசூல் கெடுபிடி கடனாளிகளைத் தற்கொலைவரை கொண்டுபோய் விட்டதை நாடே பார்த்தது. அதன்பின் ரிசர்வ் வங்கி 2011இல் விதித்த நிபந்தனை, குறுநிதி நிறுவனம் தரும் கடனில் முக்கால் பங்கு வருமானம் ஈட்டும் தொழிலுக்குப் போனால்தான் அதற்கு வங்கி தரும் பணம் முன்னுரிமைக் கடனாகும் என்றது. கழிப்பறை வருமானம் தருமா? வயிற்றுப்போக்கில் கூலி போகாமல் காப்பதை எந்தப் படிவத்திலும் வருமானமாக எழுத முடியாது. நல்ல நோக்கத்தோடு வந்த விதி, தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் மட்டும் கடன் கொடுத்தவரையே வெளியே தள்ளியது. 2015இல் தண்ணீர், துப்புரவு வசதிக் கடன்களுக்காகக் குறுநிதி நிறுவனங்களுக்கு வங்கி தரும் பணமும் முன்னுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகே அந்தத் தடை தளர்ந்தது.

ஆட்சேபத்துக்கு என் பதில் இது. தூய்மை இந்தியா திட்டம் 2014 முதல் தகுதியுள்ள ஊரக வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. ஆனால் பெரும்பாலும் கட்டி முடித்துக் காட்டிய பிறகுதான். தினக்கூலிக் குடும்பம் முதலில் செங்கல்லும் உறையும் வாங்கப் பணத்துக்கு எங்கே போகும்? கந்துவட்டிக்காரரிடம் போகாமல் தடுப்பது இந்தத் தவணைக் கடன்தான். அரசின் கடமைக்கு இது மாற்று என்றால் ஏற்க மாட்டேன். அரசுப் பணம் கைக்கு வரும்வரை தாங்கும் பாலம் என்றால் முழு மனத்தோடு ஏற்கிறேன். மனைப்பட்டா இல்லாத குடும்பத்துக்கு இந்தக் கடனாலும் பயனில்லை. அவர்களுக்குப் பொதுக் கழிப்பிடமே கதி. ஆகவே அதற்கான மானியம் குறையக் கூடாது.

நான்காவது வேடம் செப்டிக் டேங்க் லாரி. கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியோடு நடந்த தமிழ்நாடு நகர்ப்புறத் துப்புரவு ஆதரவுத் திட்டம் திருச்சியை முன்மாதிரி நகரங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. லாரிகள் பெரும்பாலும் தனியாருடையவை, ஓடுவது வீட்டுக்காரர் கொடுக்கும் பணத்தில். பயன்படுத்துபவரே பணம் கொடுத்தால் போதும் என்ற எளிய விடை இங்கேதான் உடைகிறது. வீட்டுக்காரர் பணம் கொடுப்பது கழிவை எடுத்துப் போக. அது எங்கே கொட்டப்படுகிறது என்பது அவர் கவலையல்ல. இரவோடு இரவாக வாய்க்காலில் திறந்துவிட்டால் டீசல் மிச்சம். நஷ்டம் கீழ்மடையில் குளிப்பவருக்கு. மாநகராட்சி தன் கழிவுநீரேற்று நிலையங்களிலேயே லாரிகள் கழிவை இறக்க இடம் கொடுத்ததும், 2022இல் தமிழ்நாடு அரசு லாரிகளுக்கு உரிமத்தைச் சட்டமாக்கியதும் அதனால்தான் அவசியமாயின. உதவிப் பணம் லாரி வாங்கிக் கொடுப்பதைவிட இத்தகைய விதிகளை உருவாக்க உதவியதே அதன் சரியான செலவு.

ஆக, என் தீர்ப்பில் முதலிடம் மகளிர் குழுக்களுக்கும் அவர்களுக்குக் கடன் தரும் நிறுவனத்துக்கும். பணம் கொடுப்பவரும் பயன்படுத்துபவரும் அங்கே ஒருவரே. லாரித் தொழிலுக்கு இரண்டாமிடம், கண்காணிப்பு இருக்கும்வரை. கொடைக்கு மூன்றாமிடம், பத்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கொடுத்தால் மேலே ஏறலாம். ஒப்பந்ததாரரை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை.

ஒரு குறை இந்த மூன்றிலும் நிற்கிறது: குழிக்குள் இறங்க நேரும் தொழிலாளி. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் பாதுகாப்பின்றி இறக்குவதைத் தடுத்தும் சாவுகள் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. நிதி தரும் அமைப்புகளையும் திருச்சி மாநகராட்சியையும் நான் கேட்பது ஒன்றுதான்: லாரி உரிமத்திலும் துப்புரவு ஒப்பந்தத்திலும் தொழிலாளியின் காப்பீட்டையும் பாதுகாப்புக் கருவிகளையும் முதல் நிபந்தனையாக எழுதுங்கள்; அது இல்லாத ஒப்பந்தத்துக்கு ஒரு ரூபாயும் விடுவிக்காதீர்கள்.