மறுகால்

எங்கள் பக்கத்துக் குளங்களுக்குத் தண்ணீர் வெளியேற இரண்டு வழி. ஒன்று மடை: ஆள் போய்த் திறந்தால்தான் வயலுக்குப் பாயும். இன்னொன்று மறுகால். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடுச்சாமத்தில் குளம் பெருகினால் யாரும் எழுந்து ஓட வேண்டியதில்லை. கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கல்வரிசை மேல் தண்ணீர் தானாக வழிந்து அடுத்த குளத்துக்குப் போய்விடும். மறுகால்குறிச்சி, மறுகால்தலை என்று ஊர்களே அந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஊர் உறங்கும்போது என்ன நடக்க வேண்டும் என்பதை, அந்தக் கல்லின் உயரத்தைக் குறித்தவர் அன்றைக்கே முடிவுசெய்துவிட்டார்.

மென்பொருளில் இதை டிஃபால்ட் என்கிறோம். பயனர் எதுவும் குறிப்பிடாதபோது கட்டளை தானாக என்ன செய்யும் என்ற முடிவு. நிரலர்கள் எழுதியதைப் படிப்படியாகச் சேமித்துவைக்கும் கிட் என்ற கருவியில் இந்த முடிவுகளைத் தேடிப் பார்த்து ரசிப்பது என் பல வருடப் பழக்கம். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்த பிறகு, குளத்தங்கரையில் வளர்ந்த பிள்ளைகளே இந்த வேலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் மறுகால் என்று சொன்னாலே பாதி விளங்கிவிடும்.

நம் கணினியில் உள்ளதைப் பொதுச் சேவையகத்துக்கு அனுப்பும் ‘கிட் புஷ்’ கட்டளையை மட்டும் தட்டினால் எது போக வேண்டும்? 2014 வரை, இரண்டு பக்கமும் ஒரே பெயரில் உள்ள எல்லாக் கிளைகளும், அதாவது ஒரே வேலையின் தனித்தனிப் போக்குகளும், போயின. ஒன்றை அனுப்ப நினைத்தவர், அரைகுறையாக விட்டுவைத்த இன்னொன்றையும் அறியாமல் அனுப்பிவிடுவார். அந்த மே மாதம் வந்த கிட் 2.0, இப்போது நிற்கும் கிளையை மட்டும் அனுப்புவது என்று மாற்றியது. அங்கே அதற்கு வேறு பெயர் இருந்தால் அனுப்பாமல் நின்று கேட்கும். மாற்றத்தைவிட மாற்றிய விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளிலேயே, ‘இந்த வழக்கம் மாறப்போகிறது’ என்று ஒவ்வொரு புஷ்ஷிலும் சொல்லிவந்தார்கள். கல்லின் உயரத்தை மாற்றுமுன் கீழ்க்குளத்துக்காரருக்குச் சொல்லி அனுப்பும் நாகரிகம் அது.

இரண்டு அர்த்தம் வரும் இடத்தில் ஊகிக்காமல் நிற்பதே இந்தக் கலையின் கடினமான பகுதி என்பேன். என் கிளையும் சக ஊழியரின் கிளையும் பிரிந்து வளர்ந்திருக்கும்போது, பிறர் அனுப்பியதை இழுத்துவரும் ‘கிட் புல்’ அடித்தால், முன்பெல்லாம் இரண்டையும் தானே இணைத்துவிடும். 2021 முதல் அது நின்று, இணைக்கவா, வரிசை மாற்றி அடுக்கவா என்று நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. சேமிப்பில் இல்லாத கோப்புகளைத் துடைக்கும் ‘கிட் கிளீன்’, சும்மா தட்டினால் எதையும் தொடாமல் மறுத்துவிடும். அழிந்தால் திரும்பாதது எதுவோ அதற்குத்தான் இந்த மறுப்பு.

மறுகாலில் ஒரு வரிசை குத்துக்கற்கள் நிற்கும். இடைவெளியில் பலகை வைத்து மண் அப்பினால் குளம் இன்னும் கொஞ்சம் நீர் பிடிக்கும். பெருமழை வந்தால் கரை தாங்காது. கிட்டில் அந்தப் பலகை, புஷ்ஷோடு சேர்க்கும் ‘ஃபோர்ஸ்’. சேவையகத்தில் இருப்பதைத் தள்ளிவிட்டு நம்முடையதை வைக்கும். 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் திட்டத்தில் ஒருவர் கைதவறியதில் 150க்கும் மேற்பட்ட நிரல் களஞ்சியங்கள் இப்படிப் பழைய நிலைக்குப் போய், பிறகு மீட்கப்பட்டன. அதே மாதம் வெளியான கிட் 1.8.5இல் ‘ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ வந்தது: நாம் கடைசியாகப் பார்த்த பிறகு வேறொருவர் அங்கே எதையாவது சேர்த்திருந்தால் அது தள்ளாது. அருமையான யோசனை. ஆனால் ஆபத்தான கட்டளைக்குச் சின்னப் பெயரும் பத்திரமானதற்கு நீளப் பெயரும் அமைந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அவசரத்தில் விரல் சின்னதைத்தான் தேடும்.

மறுகாலுக்கும் ஓர் அளவு உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது தாமிரபரணிக் கரையெங்கும் குளங்கள் உடைந்தன. கிட்டின் அளவு, கமிட் செய்தது, அதாவது அதில் பதிந்து சேமித்தது. ஒருமுறை கமிட் செய்துவிட்டால், கிளையிலிருந்து விலகிப்போனதையும் ‘ரெஃப்லாக்’ பதிவு வழக்கமாக 30 நாள் பிடித்துவைத்திருக்கும். கமிட் செய்யாததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2019இல் கோப்பை மீட்கவென்றே தனியாகப் பிரித்துக் கொடுத்த ‘கிட் ரெஸ்டோர்’கூட, நம் திருத்தத்தின் மேல் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிடுகிறது.

கிட் பிறந்த அதே 2005இல் பிறந்த, அதே வேலைக்கான மெர்க்யூரியல் என்ற கருவி இங்கே மேல். அதில் ‘ரிவர்ட்’ செய்தால், திருத்திய கோப்பை ‘ஆரிஜ்’ என்ற வாலோடு பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் பழையதை எடுத்துப்போடும். குப்பை சேர்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஓர் இரவு, தொலைத்துவிட்டதாக நினைத்த என் முழுப் பிற்பகலும் அந்தக் குப்பையில் ஓர் எழுத்துக் குறையாமல் கிடந்தது.