பிளாஸ்டிக் கிடார் புராணம்

கிடார் ஹீரோ ஆடாதவர்களிடம் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விளக்கம் சீக்கிரமே முடிந்துவிடும். திரையில் கலர் கலராக வட்டங்கள் இறங்கி வரும், அதே கலர் பட்டனை அமுக்கிக்கொண்டு தட்ட வேண்டும். "இவ்வளவுதானா?" என்பார்கள். இவ்வளவுதான். ஆனால் அந்த ஆட்டத்தின் சூட்சுமம் முழுக்க, தட்டத் தவறும்போதுதான் தெரியும். ஒரு நோட்டை விட்டீர்களோ, பாட்டிலிருந்து கிடாரே காணாமல் போய்விடும். டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், பாடகர் பாடிக்கொண்டிருப்பார், பேஸ் உறுமிக்கொண்டிருக்கும். நடுவில் கிடார் இருந்த இடம் மட்டும் காலி. அடுத்த நோட்டைச் சரியாகத் தட்டினால் சட்டென்று திரும்பி வந்து காதை நிறைக்கும். ஒரு பெரிய ராக் குழு உங்கள் இடது கை விரல்களை நம்பி மேடையேறி நிற்கிறது. மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

எல்லா பிளாஸ்டிக் கிடார் ஆட்டங்களையும் நான் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் எடைபோடுவேன். தப்பு செய்தால் பாட்டு என்னைத் தேடுகிறதா? தேடினால் நல்ல ஆட்டம்.

முதலில் அந்தக் கிடாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பட்டன்கள். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மேலும் கீழும் ஆடும் ஒரு கட்டை, அதுதான் ஸ்ட்ரம் பார். பக்கத்தில் ஸ்வரத்தை நெளிக்க ஒரு வாமி பார். உள்ளே சாய்வை உணரும் சென்சார் ஒன்று இருக்கிறது. ஸ்டார் பவர் சேர்ந்ததும் கிடாரின் கழுத்தை வானம் பார்க்கத் தூக்கினால் மதிப்பெண் இரட்டிப்பாகும். யோசித்துப் பாருங்கள், பொறுப்பான குடும்பஸ்தர் ஒருவர் வரவேற்பறையில் கிடாரைத் தூக்கி ராக் ஸ்டார் மாதிரி நிற்பதற்கு ஆட்டமே ஒரு காரணம் கொடுக்கிறது. வெட்கத்தை விரட்ட இதைவிடப் புத்திசாலித்தனமான பொறியியல் இருக்க முடியாது.

இந்த யோசனை ஜப்பானில் பிறந்தது. கொனாமி நிறுவனம் 1999-ல் கிடார்ஃப்ரீக்ஸ் என்ற பெயரில் மூன்று பட்டன் கிடாரை ஆர்கேடுகளில் இறக்கியது. அமெரிக்காவில் அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரான் எகோசி என்ற எம்.ஐ.டி. நண்பர்கள் 1995-ல் தொடங்கிய ஹார்மோனிக்ஸ், ஃப்ரீக்வென்ஸி, ஆம்ப்ளிட்யூட் என்ற இரண்டு அருமையான இசை ஆட்டங்களைச் செய்து, பாராட்டு வாங்கி, விற்பனையில் சறுக்கியிருந்தது. நடன ஆட்டங்களுக்கு மிதிபாய் செய்து விற்றுக்கொண்டிருந்த ரெட்ஆக்டேன் அவர்களோடு கைகோத்தது. 2005 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்குக் கிடார் ஹீரோ வந்தது. ஆட்டத்தோடு கிப்சன் எஸ்.ஜி. வடிவத்தில் ஒரு குட்டிக் கிடார்.

நான் அதைத் தொட்டது அமெரிக்காவில் நாலு பேர் சேர்ந்து அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கியிருந்தபோது. அறைத்தோழன் ஒருவன் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்டா" என்று சொன்னவன் நான்தான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர்களுக்குத் தொண்டை வறண்டுபோயிற்று.

முதல் கிடார் ஹீரோவில் பெரும்பாலான பாடல்கள் அசல் குழு வாசித்தவை இல்லை. வேவ்குரூப் என்ற ஒலிப்பதிவு நிறுவனத்தினர் அச்சு அசலாகத் திரும்ப வாசித்துப் பதிந்தவை. அசல் பதிவுக்கு உரிமை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. தவிர, கிடார் காணாமல் போக வேண்டுமென்றால் கிடார் தனித் தடத்தில் இருக்க வேண்டுமே! புதிதாகப் பதிந்தால் அது கையோடு கிடைத்துவிடும். பாடகர் குரலில் வித்தியாசம் தெரியும்தான். கிடாரில் ஏமாற்றமே கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஹார்மோனிக்ஸ்காரர்கள் நோட்டுகளை அடுக்கிய விதம். அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் சொந்தமாகக் குழு வைத்து வாசித்தவர்கள். ஸ்வரம் ஏறினால் கை ஏறும், இறங்கினால் இறங்கும். கனமான கார்டு வந்தால் இரண்டு பட்டன், ஒற்றைக் கம்பி என்றால் ஒரு பட்டன். ஐந்தே பட்டன்களில் கிடாரின் நடையைப் பிடித்துவிட்டார்கள். 2006-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஹேமர்-ஆன், புல்-ஆஃப் வித்தையையும் இலகுவாக்கினார்கள். அதாவது வேகமான இடங்களில் ஒவ்வொரு நோட்டுக்கும் தட்ட வேண்டாம், விரலை வைத்து எடுத்தாலே போதும். முதல் பாகத்தில் இதற்கு ரொம்பக் கறாரான நேரக் கணக்கு. இரண்டாம் பாகத்தில் விரல் தண்ணீராக ஓடும். அதில் கடைசிப் பாட்டாக வரும் லினர்ட் ஸ்கினர்டின் 'ஃப்ரீ பேர்ட்' சோலோவை முடித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தால், நாமே இயற்றி நாமே வாசித்த மாதிரி ஒரு திமிர் வரும் பாருங்கள்!

அந்தத் திமிருக்கு முன்னால் ஒரு மதில் இருக்கிறது. ஈசியில் மூன்று பட்டன், மீடியத்தில் நான்கு, ஹார்டில் ஐந்து. நம்மிடம் இருப்பதோ நாலு விரல். நாலு பட்டன் வரை கை நகர வேண்டியதில்லை, நிம்மதி. ஐந்தாவதாக ஆரஞ்சு வந்தவுடன் மொத்தக் கையும் ஒரு பட்டன் கீழே சரிந்து, மறுபடி மேலே ஏற வேண்டும், அதுவும் கண் திரையை விட்டு நகராமல். சுண்டு விரல் என்று ஒன்று நமக்கு இருப்பதே அப்போதுதான் தெரியவரும். மீடியத்தில் ராஜாவாக இருந்தவர்கள் ஹார்டில் முதல் பாட்டிலேயே கூட்டத்தின் கூச்சலோடு வெளியேற்றப்படுவார்கள். பிறகு ஒருநாள், யாரும் சொல்லித் தராமலேயே, கை தானாகச் சரியும். மூளைக்குள் ஒரு ஃப்யூஸ் போட்ட மாதிரி! விளையாட்டுகளில் நான் கண்ட சந்தோஷங்களில் முதலிடம் அதற்குத்தான்.

இதற்குப் பிறகு பாகப்பிரிவினை நடந்தது. 2006-ல் ஆக்டிவிஷன் ரெட்ஆக்டேனை வாங்க, எம்.டி.வி. ஹார்மோனிக்ஸை வாங்கியது. கிடார் ஹீரோ என்ற பெயர் ஒரு வீட்டுக்கு, அதைச் செய்த கைகள் இன்னொரு வீட்டுக்கு. 2007-ல் ஒரே இலையுதிர்காலத்தில் இரண்டு ஆட்டங்கள் மோதின: ஸ்கேட்டிங் ஆட்டங்களில் பேர்பெற்ற நெவர்சாஃப்ட் செய்த கிடார் ஹீரோ 3, ஹார்மோனிக்ஸின் ராக் பேண்ட். ரஜினியா கமலா என்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் சண்டை.

கிடார் ஹீரோ 3 வித்தைக்காரர்களின் ஆட்டம். நோட்டுகளை இசைக்கு ஏற்ப அடுக்கியதைவிட, விரலை ஒடிப்பதற்கென்றே அடுக்கியது அதிகம் என்று எனக்குத் தோன்றும். ஒற்றைக் கம்பி ஸ்வரத்துக்கு மூன்று பட்டன் கார்டெல்லாம் வரும். நிஜ கிடார் கலைஞர்களான ஸ்லாஷோடும் டாம் மொரெல்லோவோடும் போட்டி போடும் கட்டங்களில், எதிராளி நம் பட்டன்களை முடக்கி இம்சை செய்வார். இசைக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ! ஆனாலும் அந்த ஆட்டத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், காரணம் டிராகன்ஃபோர்ஸின் 'த்ரூ த ஃபயர் அண்ட் ஃப்ளேம்ஸ்'. ஹார்டுக்கும் மேலே உள்ள எக்ஸ்பர்ட்டில் மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் நோட்டுகள், ஏழு நிமிடத்துக்கு மேல். ஆரம்பத்திலேயே பச்சைப் பட்டனை விடாமல் மற்ற விரல்கள் தையல் மிஷின் மாதிரி குத்த வேண்டும். அந்த ஆரம்பத்தைத் தாண்டாமல் போனவர்கள்தான் உலகத்தில் பெரும்பான்மை. முழுசாக முடித்தவர்களின் வீடியோவைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது.

அந்த ஆட்டத்தோடு வந்த லெஸ் பால் கிடார் இருக்கிறதே, அது இன்னும் ஒரு படி. வயர் இல்லை, கழுத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம், ஸ்ட்ரம் பார் தட்டத் தட்ட 'கிளிக் கிளிக்' என்று சுத்தமாகப் பதில் சொல்லும். ராக் பேண்டோடு வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் அந்தச் சத்தமே கிடையாது, மெத்தையில் தட்டுவது போலிருக்கும். சத்தமில்லாததுதான் நாகரிகம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு விரலுக்குப் பதில் வர வேண்டும். ஸ்ட்ராட்டில் கழுத்தின் கீழ்க்கோடியில் சோலோவுக்கென்றே ஐந்து குட்டி பட்டன்கள் வைத்தது மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டிய அழகு. சோலோ வரும்போது அங்கே கையை இறக்கினால் தட்டவே வேண்டாம். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

இதெல்லாம் கருவியைப் பற்றி. ஆட்டம் என்று வந்தால் ராக் பேண்டுக்குப் பக்கத்தில் எதையும் நிறுத்த என் மனசு இடம் கொடுக்காது. கிடார், பேஸ், டிரம்ஸ், குரல் என்று ஒரு குழுவே சேர்ந்து ஆடலாம்; கிடார், டிரம்ஸ், மைக் மூன்றும் 170 டாலர் பெட்டியில் வந்து இறங்கின. நாலு தட்டும் ஒரு மிதிக்கட்டையும் உள்ள அந்த டிரம்ஸில் எக்ஸ்பர்ட் வாசிக்கிறவர், நிஜ டிரம்ஸின் அடிப்படை நடையைப் பாதிக்கு மேல் கற்றுக்கொண்டவர். காணாமல் போகும் வித்தை இங்கே நாலு பங்காகிவிட்டது. டிரம்ஸ்காரர் தடுமாறினால் பாட்டின் முதுகெலும்பே போய்விடும். யாராவது தோற்று வெளியே விழுந்தால் அவருடைய வாத்தியம் மொத்தமாக நின்றுபோகும், மற்றவர்கள் தாக்குப்பிடிக்க வேண்டும். ஓவர்டிரைவ் (ராக் பேண்டின் ஸ்டார் பவர்) சேர்த்து வைத்திருக்கும் ஒருவர் அதைச் செலவழித்தால் விழுந்தவர் எழுந்து வருவார். "டேய், காப்பாத்துடா!" என்று பேஸ்காரன் அலற, நான் கிடாரை நிமிர்த்த, மடாரென்று பேஸ் திரும்பிவந்து அறைக்கே உயிர் வரும். மதிப்பெண்ணுக்காகச் சேமித்ததை நண்பனுக்காகக் கொட்டிவிட்டு யாரும் வருத்தப்பட்டதில்லை. பேஸ் ஆடுகிறவனுக்கு மட்டும் மதிப்பெண் பெருக்கல் ஆறு மடங்கு வரை போகும் என்பது ஹார்மோனிக்ஸ் செய்த இன்னொரு தர்மம். எல்லோரும் ஒதுக்கும் வாத்தியத்துக்கு ஒரு கௌரவம்.

2008-ல் கிடார் ஹீரோ வேர்ல்ட் டூரும் முழுக் குழுவுக்கு மாறியது. டிரம்ஸில் மூன்று தட்டும் இரண்டு உயர்த்தி வைத்த சிம்பலும், பார்வைக்கு ராக் பேண்டைவிட ஜோர். ஆனால் அதற்குள் நான் கட்சி மாறியிருந்தேன்.

2009 செப்டம்பரில் வந்த பீட்டில்ஸ் ராக் பேண்ட் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். மொத்தம் 45 பாடல்கள். பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ், ஜான் லெனனின் ரிக்கன்பேக்கர், ஜார்ஜ் ஹாரிசனின் கிரெட்ச் எல்லாம் பிளாஸ்டிக்கில். மூன்று மைக் வைத்து மூன்று குரல் சேர்ந்து பாடலாம். என் அளவுகோலுக்கு இது பெரிய சோதனை. அவர்களின் ஆரம்பக் காலப் பதிவுகளில் பல வாத்தியங்கள் ஒரே தடத்தில் ஒட்டிக் கிடந்தன. கிடாரை மட்டும் காணாமல் போக்குவது எப்படி? அவர்களின் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் மேற்பார்வையில் ஒலியைச் சல்லடை போட்டுப் பிரித்தெடுத்தார்கள். ஆட்டத்தில் தப்பு செய்து செய்தே நான் ரிங்கோவின் டிரம்ஸைத் தனியாகக் கேட்டேன். அவரைச் சாதாரண டிரம்மர் என்று சொல்கிறவர்களோடு அன்றிலிருந்து எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

"இவ்வளவு நேரத்தில் நிஜ கிடாரே கத்துக்கிட்டிருக்கலாமே" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேரம் ஆடுகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அந்த ஆசை இருந்தவர்களுக்காக 2010-ல் ராக் பேண்ட் 3 வந்தது. ஆறு கம்பிக்கும் பதினேழு ஃபிரெட்டுக்கும் ஒவ்வொன்றாக 102 பட்டன் வைத்த ஒரு மஸ்டாங் கிடாரை அதற்காகவே செய்தார்கள். நிஜ விரல்நிலைகள் அதில் வரும். தைரியசாலிகளுக்கு நமஸ்காரம். நான் ஐந்து பட்டன்காரன்.

சந்தையின் கதை சோகம். 2009-ல் மட்டும் மெட்டாலிக்கா, வான் ஹேலன், கிடார் ஹீரோ 5, பேண்ட் ஹீரோ என்று கடை முழுக்க அடுக்கித் திகட்ட வைத்தார்கள். 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் கிடார் ஹீரோ பிரிவையே மூடியது. 2015-ல் கிடார் ஹீரோ லைவ் என்று மறுபிறவி எடுத்து வந்தது. மேலே மூன்று, கீழே மூன்று என ஆறு பட்டன், எதிரே நிஜ மனிதர்களை வைத்துப் படமெடுத்த கூட்டம். தப்பு செய்தால் சக கலைஞர்களே முறைப்பார்கள். அந்தப் பட்டன் அமைப்பு நிஜமாகவே நல்ல மூளை வேலை. ஆனால் பெரும்பாலான பாடல்கள் இணையம் வழியே வந்தன. 2018 டிசம்பரில் அந்தச் சேவையை நிறுத்தியதும் அவற்றோடு ஆட்டமும் சுருங்கிவிட்டது. அதே 2015-ல் வந்த ராக் பேண்ட் 4-க்கோ 2024 ஜனவரி வரை புதுப் பாடல்கள் வந்துகொண்டிருந்தன. முதல் பாகத்துக்கு வாங்கிய பாட்டைக்கூட அதில் ஆடலாம். ஹார்மோனிக்ஸ் இப்போது எபிக் வசம், ஃபோர்ட்நைட்டுக்குள்ளேயே ஃபெஸ்டிவல் என்ற பெயரில் நோட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு என் வீட்டில் ஓடுவது குளோன் ஹீரோ. ரசிகர் ஒருவர் செய்த இலவச மென்பொருள், எந்தப் பாட்டுக்கும் நாமே நோட்டு அடுக்கலாம். நான் முதலில் உட்கார்ந்தது 'இளைய நிலா'வோடு. அந்தக் கிடார் ஆரம்பத்தை ஐந்து பட்டனில் பிரித்து எழுதியபோதுதான், ஹார்மோனிக்ஸ்காரர்கள் பட்ட பாடு புரிந்தது. ஸ்வரங்களோ நிறைய, பட்டன்களோ ஐந்து. எது பச்சை, எது ஆரஞ்சு என்று ஒவ்வொரு சுற்றுக்கும் முடிவெடுக்க வேண்டும். ஆடிப் பார்த்தால் விரல் பிரமாதமாக ஓடியது, ஆனால் தப்பு செய்தால் ஒன்றும் ஆகவில்லை! பாட்டு ஒரே கோப்பு. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடார் அதுபாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் வாத்தியங்களைப் பிரிக்கக் கணினி நிரல்கள் இருக்கின்றன. அதில் போட்டுப் பிரித்து மறுபடி ஏற்றிய பிறகுதான் அது ஆட்டமாயிற்று.

இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: மீடியத்தில் ஆரம்பியுங்கள், ஈசி தூங்க வைத்துவிடும். டிவியில் ஆடினால் கேலிபரேஷனை முதலில் செய்யுங்கள். இன்றைய தட்டை டிவிகள் படத்தைத் தாமதமாகக் காட்டும், அதைச் சரிசெய்யாமல் ஆடிவிட்டு எனக்குத் தாளஞானம் இல்லை என்று அழாதீர்கள். இதற்காகவே ராக் பேண்ட் 2-ன் கிடாருக்குள் ஒளியுணர்வானும் குட்டி மைக்கும் வைத்திருந்தார்கள். கிடாருக்கு, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த எக்ஸ்ப்ளோரர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், யு.எஸ்.பி. வயர் இருப்பதால் விண்டோஸ் கணினியில் செருகினால் நேரே வேலை செய்யும். புதுசுதான் வேண்டுமென்றால் ரிஃப்மாஸ்டர் மாதிரி இப்போது தயாராகிறவை இருக்கின்றன. செகண்ட் ஹேண்டில் எடுத்தால் காசு கொடுக்கும் முன் ஸ்ட்ரம் பாரை மேலும் கீழும் வேகமாகத் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு ஒரு கிளிக்தான் வர வேண்டும்.