ஒரு பள்ளியின் குணம்

ஆங்கிலேயர்களுக்குப் பள்ளிக்கூடம் என்றால் அதன் வயதுதான் முதல் யோக்கியதாம்சம். 1645-ல் ஆரம்பமான சீம் பள்ளியைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த வருஷத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற விஷயங்களுக்கு வருகிறார்கள். 350 வருஷங்களுக்கு மேல் ஒரு ஸ்தாபனம் நீடிப்பது லேசான காரியமல்ல, வாஸ்தவம். ஆனால் இத்தனை காலமும் நீடித்தது எது என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

இடம் நீடிக்கவில்லை. லண்டனுக்குத் தெற்கே, சரே ஜில்லாவில், சீம் என்ற கிராமத்தில் இருந்ததால் பள்ளிக்கு அந்தப் பெயர் வந்தது. லண்டன் பெருத்துக்கொண்டே வந்து கிராமத்தை விழுங்கிவிட்டது. 1934-ல் பள்ளி தன் பெயரைத் தூக்கிக்கொண்டு ஹாம்ப்ஷையரில் ஹெட்லி என்ற ஊருக்குக் குடிபோயிற்று. புல்வெளியும் மரங்களும் நல்ல காற்றும் அங்கே கிடைத்தன. பணம் கட்டும் பெற்றோர் விரும்புவதும் அதைத்தானே!

மாணவர்களின் வயதும் நீடிக்கவில்லை. ஆரம்பத்தில் பெரிய பையன்களும் படித்தார்கள். ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிகள் பதின்மூன்று வயதில் பையன்களைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நிலைபெற்ற பிறகு, எட்டு வயதிலேயே வீட்டைவிட்டு அனுப்பி அவற்றுக்குத் தயார் செய்யும் ஆயத்தப் பள்ளிகள் பெருகின. சீம் பள்ளியும் அவற்றில் ஒன்றாயிற்று.

குணமாவது நீடித்ததா?

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் அங்கே தலைமையாசிரியர். மலையையும் காட்டையும் சித்திரமாகப் பார்க்க ஆங்கிலேயர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று இலக்கிய சரித்திரத்தில் பெயர் வாங்கியவர். அவர் பள்ளியை நடத்திய விதம் இன்னும் பெரிய விஷயம் என்பது என் அபிப்பிராயம். பிரம்பு ராஜ்யம் செய்த காலத்தில் அவர் சட்டங்களை எழுதி வைத்தார். மீறினால் அபராதம், அந்தப் பணமும் பையன்களின் நன்மைக்கே செலவாயிற்று. வழக்கு வந்தால் பையன்களே ஜூரியாக உட்கார்ந்து விசாரிப்பார்கள். அடி என்பது மிகக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும். தோட்டம் போட ஆளுக்கொரு துண்டு நிலமும் கொடுத்தார். இயற்கையை ரசிக்கச் சொன்ன மனுஷர், பையன்களை முதலில் அதைக் கொத்தவும் விட்டார்.

நூறு வருஷம் கழித்து டேபர் என்ற பாதிரியார் தலைமையாசிரியர். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பிரபுப் பட்டத்தைத் தானே உடைய பையனை, ‘என் கண்ணே’ என்பாராம். பிரபுவின் மகனை, ‘என் அருமைக் குழந்தாய்’ என்பாராம். மற்றவர்களுக்கு, வெறும் ‘குழந்தாய்’. கதையில் மிகை இருக்கலாம். ஆனாலும் ஜூரியாக உட்கார்ந்த பையன்களின் பள்ளியா இது? பெயர்ப்பலகை அதுதான்.

பிறகு ராஜ குடும்பம் வந்தது. பிலிப் இளவரசர் 1930-லிருந்து 1933 வரை படித்தார். அவருக்குப் பள்ளி பிடித்திருந்தது. தாயார் மனநோயால் சிகிச்சையில், தகப்பனார் பிரான்ஸில், வீடு கலைந்துபோன பையனுக்குப் பள்ளியே வீடாக இருந்ததில் என்ன ஆச்சரியம்? தனக்கு நன்மை செய்தது மகனுக்கும் செய்யும் என்று அவர் நினைத்தார். 1957-ல் எட்டு வயது சார்லஸ் அங்கே சேர்ந்தார். அவருக்கோ வீடு இருந்தது. அதை நினைத்து ஏங்கினார்.

1958-ல் கார்டிப் நகரில் விளையாட்டுப் போட்டிகளின் முடிவு விழா. தலைமையாசிரியரின் அறையில் சில பையன்களோடு உட்கார்ந்து சார்லஸ் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தார். தம் மகனை வேல்ஸ் இளவரசராக்குவதாக ராணி அறிவித்த செய்தி ஒலித்தது. ஜனங்கள் ஆரவாரித்தார்கள். அறையிலிருந்த பையன்கள் அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை கூச்சத்தால் குன்றிப்போனார். நாவலாசிரியன் கற்பனை செய்யத் தயங்கும் காட்சி இது. தாய் பேசுகிறாள், குழந்தை அந்நியர்களோடு உட்கார்ந்து கேட்கிறது.

கஷ்டப்பட்டால்தான் பிள்ளை ஆளாகும் என்று இந்தப் பள்ளிகளின் பக்தர்கள் சொல்வதுண்டு. கஷ்டத்தில் தேறியவர்கள் எழுதும் நற்சான்று அது. தேறாதவர்கள் எங்கே எழுதினார்கள்? தகப்பனுக்குப் பொருந்திய சட்டை மகனுக்குப் பொருந்தாதபோது சட்டையின் வயதைச் சொல்லிப் பயனில்லை. இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் பிரம்பைச் சட்டம் தடுத்தது 1999-ல்தான். கில்பின் அதை ஒதுக்கி வைத்து இருநூறு வருஷங்களுக்கு மேலாகியிருந்தது.

1777-ல் ஓய்வுபெற்ற கில்பின், நியூ பாரஸ்ட் காட்டோரமாக போல்டர் என்ற சிற்றூருக்குப் பாதிரியாராகப் போனார். அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வைத்தார். அது நிலைக்கத் தம் சித்திரங்களை விற்றுப் பணம் சேர்த்தார். சீம் பள்ளியின் பெருமையைச் சொல்ல வருகிறவர்கள் இளவரசர்களின் பட்டியலை ஆரம்பிக்கும் முன், இந்தக் கிழவரைப் பற்றி இரண்டு வரி எழுதலாம்.