அருளும் அழைப்பும்

ஜெர்மானிய லூத்தரன் குருவாகிய டீட்ரிக் போன்ஹோபர் 1937-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், ‘பின்செல்லுகை’ எனப் பொருள்படும் பெயருடையது. பாவமன்னிப்பு இலவசமென்று கொண்டு, வாழ்வு திருந்தாதிருப்பார் பற்றியிருப்பது மலிவான அருளேயாம் என்று அவர் கண்டிப்பர். மெய்யருளோ, யாவும் விட்டு இயேசுவின் பின்செல்லச் செய்வது. ஆயத்துறையில் இருந்த லேவி அழைத்தவுடன் எழுந்தமை இதற்குச் சான்று. எழும் வலியையும் அழைப்பே தரும் என்பது கருத்து.

அற்றேல், அவ்வழைப்பையே கேட்ட செல்வ இளைஞன் துயருற்று மீண்டது என்னை? ஞாயிறு ஒன்றாயினும் முதிர்ந்த அரும்பே மலரும். உயிர்களின் பக்குவ வேறுபாடு கொள்ளாவழி இவ்வினா விடைபெறாது. நூலின் குறை இதுவே.

ஆயினும், நாஜி ஆட்சியை எதிர்த்து 1945-இல் தூக்கிலிடப்பட்ட அவர், தாம் மலிவன்றென்ற அருளுக்குத் தம் உயிரையே விலையாகத் தந்தார். சொல்லும் செயலும் ஒன்றாய அவ்வொழுக்கம் எச்சமயத்தாரும் போற்றற்பாலது.