மெய்யியல் மாண்டுவிட்டதா?

இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங், லியோனார்ட் மிளாடினாவுடன் இணைந்து 2010-இல் வெளியிட்ட ‘தி கிராண்ட் டிசைன்’ என்னும் நூல், தொடக்கத்திலேயே ஒரு மரணத்தை அறிவிக்கிறது. அண்டம் எவ்வாறு இயங்குகிறது, உள்ளமை என்பது யாது, படைத்தவர் ஒருவர் தேவையா என்னும் வினாக்கள் முன்பு மெய்யியலுக்கு உரியவையாய் இருந்தன. இயற்பியலின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க இயலாமல் மெய்யியல் இறந்துபட்டது. இனி அறிவியலாரே விடை பகர்வர் என்பது அதன் சாரம். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் இந்நூலோடு வீட்டுக்கு வரக்கூடும். ஆதலின், அதனை நிறுத்துப் பார்ப்பது நம் கடமை.

அறிவியலின் பெருமை, தன்னைச் சோதனைக்கு உட்படுத்திக்கொள்ளும் பணிவில் உள்ளது. கதிரவனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி இவ்வளவு வளையும் என்று ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கோட்பாடு கணித்தது. 1919-ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தின்போது ஒளிப்படம் எடுத்து அதனை அளந்தனர். அளவு பொருந்தாதிருந்தால் கோட்பாடு ஆட்டங்கண்டிருக்கும். ஆனால், ‘மெய்யியல் இறந்தது’ என்னும் கூற்றை எந்தத் தொலைநோக்கியால் அளப்பது? எது அறிவு, எது அறிவன்று என்று வரையறுக்கும் தீர்ப்பு அது. அத்தகைய தீர்ப்பு மெய்யியலுக்கே உரியது.

நூலின் மிகச் சிறந்த பகுதியும் இதற்குச் சான்று. இத்தாலியின் மோன்சா நகராட்சி, வளைந்த கண்ணாடிக் குடுவைகளில் தங்கமீன் வளர்க்கத் தடை விதித்ததை ஆசிரியர்கள் சுவையாக எடுத்துரைக்கின்றனர். குடுவைக்குள்ளிருந்து வளைந்து தெரியும் உலகுக்கும் மீன் விதிகள் வகுக்கலாமே! நாம் காண்பது மட்டும் நேரானது என்று எப்படி அறிவோம்? இவ்வாறு வினவி, கோட்பாட்டைச் சாராத உள்ளமை பற்றிப் பேசவே இயலாது என்று முடிக்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் காண்ட் ஆழ உழுத நிலமன்றோ இது! மாண்டதாகச் சொல்லப்பட்ட மெய்யியல் இங்கே உயிரோடு உலவுகிறது.

பெரிய சறுக்கல் இறுதியில் நேர்கிறது. ஈர்ப்பு விதி இருப்பதால், இன்மையிலிருந்து அண்டம் தானே தோன்ற முடியும் என்கிறது நூல். விதி ஒன்று நிலவும் இடம் எவ்வாறு இன்மையாகும்? அவ்விதி ஏன் உள்ளது என்ற வினா தீண்டப்படாமலே நிற்கிறது.

இத்தவறு நம் பக்கத்திலும் நேர்ந்ததுண்டு. 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், விரியும் அண்டம் பற்றிய புதிய அறிவியல், படைப்புக்குச் சான்று பகர்வதுபோல் உரையாற்றினார். அண்டம் ஆதி அணுவொன்றிலிருந்து தோன்றியதென்று 1931-இல் முன்மொழிந்தவரே ஜார்ஜ் லெமைத்ர் என்னும் குருவானவர்தாம். அவரோ இவ்விணைப்பை விரும்பவில்லை. தம் கோட்பாடு சமய வினாக்களுக்கு அப்பாற்பட்டது என்பதே அவர் நிலைப்பாடு. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் மட்டும் நிறுவ இயலாது என்று புனித தோமா அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கற்பித்தார். படைப்பு என்பது, உள்ளவை அனைத்தும் ஒவ்வொரு கணமும் இறைவனைச் சார்ந்திருத்தல். அதனை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ அளவுகோல் இல்லை.

இந்நூலைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டா; இயற்பியலை இனிதாக விளக்கும் நூல் அது. உடன் அமர்ந்து படிப்போம். ஒவ்வொரு முடிபின்போதும், ‘இஃது அளந்து அறிந்ததா, ஆய்ந்து துணிந்ததா?’ என்று வினவப் பழக்குவோம். அவ்வினா எழும் வீட்டில் மெய்யியல் மாள்வதில்லை.