ஏவலற்ற போர்: 'லூப் ஹீரோ' விளையாட்டின் வினைமுதலும் தமிழாக்கமும்

0. முன்னுரை

கணிப்பொறி விளையாட்டுகளின் மொழிபெயர்ப்பு, பொத்தான்களுக்குப் பெயரிடும் பணியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. சொற்பட்டியல் ஒன்று வருகிறது. அதற்கு நேரான சொற்கள் எழுதித் தரப்படுகின்றன. ஒரு சொல்லை யார் யாரிடம் கூறுகிறார், அச்சொல் குறிக்கும் வினையைச் செய்பவர் யார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. ஆங்கிலத்தில் இவ்வினாக்களை எழுப்பாமலே பணியை முடித்துவிட இயலும். தமிழில் அது அரிது. தமிழ் வினைமுற்று திணையையும் பாலையும் எண்ணையும் இடத்தையும் பெரும்பாலும் காட்டியே நிற்கும். ஏவல் வினையோ, ஏவப்படுபவரின் மதிப்பையும் சேர்த்துக் காட்டும்.

இவ்வேறுபாடு எந்த அளவுக்கு ஒரு படைப்பின் உட்பொருளைத் தொடக்கூடும் என்பதற்கு 'லூப் ஹீரோ' தக்க சான்றாகும். பாசறை கட்டுதலையும் தானே நிகழும் போரையும் ஒன்றிணைத்த உத்தி விளையாட்டு இது. போர்வினையை ஆடுபவரிடமிருந்து பிரித்து வைப்பதே இதன் கலைத்திறன். அப்பிரிவைக் காக்காத தமிழாக்கம், சொற்கள் யாவும் பொருந்தியிருப்பினும் பிழையுடையதே என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

1. விளையாட்டின் அமைப்பு

'ஃபோர் குவார்ட்டர்ஸ்' என்னும் சிறிய ருசியக் குழு இதனைப் படைத்தது. 2019 அக்டோபரில் நடந்த 'லூடம் டேர்' என்னும் குறுங்கால விளையாட்டாக்கப் போட்டிக்கு அக்குழு செய்த முன்வடிவமே இதன் வித்து. அப்போட்டியின் 45ஆம் நிகழ்வாகிய அதற்கு 'ஒன்றுமில்லாமையிலிருந்து தொடங்குதல்' என்பது பொருளாகத் தரப்பட்டிருந்தது. விரிவாக்கப்பட்ட விளையாட்டை 'டெவால்வர் டிஜிட்டல்' 2021 மார்ச் 4இல் வெளியிட்டது.

கதை எளியது. லிச் என்னும் தீயோன் உலகை அழித்துவிடுகிறான். அழிவு என்பது இங்கு மறக்கப்படுதல். மலையும் ஊரும் இருந்த நினைவே மாந்தரிடமிருந்து மறைய, அவையும் இல்லாமற் போகின்றன. வெறுமையின் நடுவே வளைந்து தன்னையே வந்து சேரும் ஒரு பாதை மட்டும் எஞ்சுகிறது. அதில் நாயகன் நடந்துகொண்டே இருக்கிறான். எதிர்ப்படும் பகைகளோடு தானே பொருதுகிறான். எப்போது வாளை ஓங்குவது, யாரை முதலில் தாக்குவது என்பவற்றில் ஆடுபவருக்குப் பங்கில்லை.

ஆடுபவரின் பணி வேறு. வீழ்ந்த பகைகளிடமிருந்து கிடைக்கும் சீட்டுகளைப் பாதையிலும் அதன் புறத்தேயும் வைக்கலாம். இடுகாட்டுச் சீட்டை வைத்தால் எலும்புக்கூடுகள் தோன்றும். தோப்பை வைத்தால் எலியோநாய்கள் தோன்றும். மலையும் பாறையும் நாயகனின் உயிர்வலியின் உச்ச அளவைக் கூட்டும். புல்வெளி நாள்தோறும் சிறிது உயிர்வலியை மீட்டுத் தரும். கிடைக்கும் படைக்கலங்களையும் கவசங்களையும் நாயகனுக்கு அணிவிப்பதும் அவர் பணியே. ஒவ்வொரு சுற்றிலும் பகை வலுக்கும். போதிய சீட்டுகள் வைக்கப்பட்டதும் தலைமைப் பகைவன் தோன்றுவான். கொண்டுவந்த பொருள்களைக் கொண்டு பாசறையில் சமையற்கூடம், கொல்லுலை முதலியவற்றை ஆடுபவர் கட்டுவார். அக்கட்டடங்கள் அடுத்த பயணத்திற்குப் புதிய வலிமைகளைத் தரும்.

2. தொழில் முதனிலையும் ஆடுபவரும்

தொழில் முதனிலை எட்டு என்பது தொல்காப்பியர் கொள்கை. வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன அவை. இவ்வெட்டையும் அளவுகோலாகக் கொண்டால் 'லூப் ஹீரோ'வின் அமைப்பு தெளிவாகப் புலப்படும். நிலம் ஆடுபவரின் கையில் உள்ளது. கருவியும் அவர் கையில் உள்ளது. திட்டமிடும் நிலைக்கு மாறி நாயகனின் நடையை நிறுத்திவைக்க இயலுமாதலால் காலத்திலும் அவருக்கு ஓரளவு ஆட்சி உண்டு. எந்நிலத்தில் எப்பகை தோன்றும் என்பது அவர் வைக்கும் சீட்டைப் பொறுத்ததாகையால் செயப்படுபொருளும் மறைமுகமாக அவருடையதே. கிடைத்த பொருள் பாசறைக்குச் சேர்வதால் 'இன்னதற்கு', 'இது பயன்' என்னும் இரண்டும் அவரையே சாரும். எஞ்சியவை வினையும் செய்வதும். இவ்விரண்டும் முற்றிலும் நாயகனுக்கு உரியவை.

பெரும்பாலான உத்தி விளையாட்டுகள் இதற்கு மாறானவை. அவற்றில் படைவீரனைச் சுட்டி, பகைவனைச் சுட்டினால் தாக்குதல் நிகழும். ஆடுபவர் ஏவுதற் கருத்தா. படைவீரன் இயற்றுதற் கருத்தா. 'மன்னன் கோயில் கட்டினான்', 'சிற்பி கோயில் கட்டினான்' என்னும் இருவகைத் தொடர்களுக்கும் இலக்கண நூலார் கண்ட உறவே அங்கு அமைகிறது. 2000இல் வெளிவந்த 'மெஜஸ்டி' என்னும் விளையாட்டு இவ்வுறவை ஒருபடி தளர்த்தியது. அதில் அரசனாகிய ஆடுபவர் வீரர்க்கு நேரே கட்டளையிட இயலாது. பரிசுத்தொகை அறிவித்து அவர்களைத் தூண்டலாம். வீரர் வரலாம், வராமலும் இருக்கலாம். எனினும் அங்கும் ஏவுதல் உண்டு. அது விலை கொடுத்துச் செய்யும் ஏவுதல். 'லூப் ஹீரோ' அதனையும் நீக்கிவிட்டது. களத்தில் ஆடுபவர் கருத்தா அல்லர். அவர் நிலத்தை மாற்றுகிறார். நிலம் வினையை மாற்றுகிறது.

நிலம் மாறும் முறையும் கருதத்தக்கது. மூன்றுக்கு மூன்று என்னும் சதுரத்தில் மலைகளும் பாறைகளும் அடுத்தடுத்து நிறைந்தால் அவை ஒரே மலைமுகடாகத் திரியும். அம்முகட்டிலிருந்து புதிய பகை பிறக்கும். தனித்த புல்வெளி வேறு நிலத்தை அடுத்து நின்றால் பூத்த புல்வெளி ஆகும். ஊரின் அருகே காட்டேரி மாளிகை அமைந்தால் ஊர் சூறையாடப்பட்ட ஊராகத் திரியும். மூன்று சுற்றுகள் கடந்தபின் அதுவே முன்னினும் வளமிக்க பிரபுவின் நிலமாகும். நிலைமொழியும் வருமொழியும் அடுத்து நிற்கையில் தோன்றும் திரிபை இது நினைவூட்டும். உவமை அளவில் மட்டுமே இது கொள்ளத்தக்கது. எனினும், செயல் என்பது கட்டளையில் இல்லை, அண்மையில் உள்ளது என்னும் இவ்விளையாட்டின் நெறியை மொழியறிந்தோர் உணர இது துணைசெய்யும்.

3. இறந்தோரை எழுப்புபவனும் ஈரேவலும்

நாயகனின் மூன்று வகைகளுள் ஒருவன் இறந்தோரை எழுப்பும் மந்திரவாதி. போர்வீரனும் கள்வனும் தாமே தாக்குவர். இவனோ எலும்புக்கூடுகளை எழுப்பி அவற்றைப் போரிடச் செய்கிறான். ஆகவே போரின் உள்ளே ஓர் ஏவுதற் கருத்தா தோன்றுகிறான். ஏவல் ஒன்றாதலும் இரண்டாதலும் நன்னூலார் கண்டவை. 'செய்வி' என்பது ஏவல், 'செய்விப்பி' என்பது ஈரேவல். பொதுவான உத்தி விளையாட்டாயின், ஆடுபவர் மந்திரவாதியை ஏவ, அவன் எலும்புக்கூட்டை ஏவ, இரண்டு ஏவல்கள் அமைந்திருக்கும். இங்கு முதலாவது ஏவல் இல்லை. 'மந்திரவாதி எலும்புக்கூடுகளைப் போரிடச் செய்கிறான்' என்பதே முழுமையான தொடர். இதனை 'எலும்புக்கூடுகளை எழுப்பு' என்று மாற்றும் மொழிபெயர்ப்பாளர், விளையாட்டில் இல்லாத ஓர் ஏவலைத் தாமே சேர்ப்பவர் ஆகிறார்.

4. ஒரே ஏவல்

களத்தில் இருக்கும் நாயகனுக்கு ஆடுபவர் இடத்தக்க கட்டளை ஒன்றே ஒன்று உண்டு. அது பின்வாங்குதல். பாசறைத் தீ எரியும் இடத்தில் பின்வாங்கினால் திரட்டிய பொருள் முழுவதும் பாசறை சேரும். வழியில் பின்வாங்கினால் 60 விழுக்காடு சேரும். நாயகன் வீழ்ந்தால் 30 விழுக்காடே எஞ்சும். விளையாட்டின் உயிர்நிலை இதுவே. பாசறைத் தீயை நெருங்கும் வேளையில் 'இன்னும் ஒரு சுற்று' என்னும் ஆசையும் 'போதும்' என்னும் அறிவும் மோதுகின்றன. ஏனைய நேரமெல்லாம் வாளாவிருக்கும் ஆடுபவர், இங்கு மட்டும் ஒரு சொல் சொல்லவேண்டும்.

அச்சொல்லுக்கு எடை கிடைப்பது, அதற்குமுன் ஏவல் ஏதும் இல்லாமையால்தான். தமிழ் மென்பொருள்களில் 'சேமி', 'திற', 'அழி' என்னும் ஒருமை ஏவல் வழங்கிவருகிறது. அது ஆடுபவர் பொறிக்கு இடும் கட்டளை. பொறி ஆடுபவருக்கு வழிகாட்டும்போதோ 'வைக்கவும்', 'தேர்ந்தெடுங்கள்' என மதிப்பு வடிவம் வருகிறது. இத்தகைய விளையாட்டில் மூன்றாம் உறவு ஒன்றும் உண்டு; அது ஆடுபவருக்கும் நாயகனுக்கும் உள்ளது. ஆங்கிலத்தில் இம்மூன்றும் ஒரே வடிவில் அடங்கிவிடும். தமிழில் இவற்றை வேறுபடுத்த வடிவங்கள் உள்ளன. எனவே வேறுபடுத்தாமை மொழியின் குறையன்று, மொழிபெயர்ப்பாளரின் குறையே ஆகும்.

ருசிய மென்பொருள்களில் ஏவலுக்கு மாற்றாக, இடமும் பாலும் காட்டாத வினைவடிவம் பொத்தான்களில் பெரிதும் வழங்குகிறது. தமிழில் அதற்கு ஒப்பான பணியைத் தொழிற்பெயர் செய்யும். வியங்கோள் மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொது என்பது நன்னூலார் கருத்தாயினும், இக்கால வழக்கில் அதில் வாழ்த்தும் வேண்டுகோளும் ஒலிப்பதால் அது பொருந்தாது. சீட்டுகளின் பெயர்கள் பெயர்ச்சொற்களாகவே நிற்கலாம். பாசறையில் 'கட்டுதல்', 'மேம்படுத்துதல்' எனலாம். போர் பற்றிய செய்திகள் 'நாயகன் தாக்குகிறான்' எனப் படர்க்கையில் அமையவேண்டும். 'பின்வாங்கு' என்னும் ஒன்றுமட்டும் ஏவலாக நிற்கட்டும். இவ்வாறு செய்தால் இலக்கண வடிவமே விளையாட்டின் விதியை உணர்த்திவிடும்.

5. மூன்று கலைச்சொற்கள்

5.1 சுற்று: விளையாட்டின் பெயரிலுள்ள சொல், வளைந்த பாதையையும் அதை ஒருமுறை கடந்துவரும் எண்ணிக்கையையும் குறிக்கிறது. கணிப்பொறி நூல்களில் வழங்கும் 'மடக்கு', 'கண்ணி' என்பவை எண்ணிக்கையை உணர்த்தா. 'வலம்' வழிபாட்டுப் பொருளைக் கொணரும். 'சுற்று' என்னும் எளிய சொல்லே இரண்டையும் தாங்கும். 'சுற்றுப்பாதை', 'ஏழாம் சுற்று' என இயல்பாக வரும்.

5.2 மறப்பு: வைத்த சீட்டை நீக்க உதவும் சீட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் மறத்தலைக் குறிப்பது. மென்பொருள் வழக்கைப் பின்பற்றி 'அழி' என எழுதினால் செயல் சரியாகும், கதை சிதையும். லிச் உலகிற்குச் செய்ததையே ஆடுபவர் இங்குச் சிறிய அளவில் செய்கிறார் என்னும் குறிப்பு மறைந்துபோகும். 'மறதி' மனத்தின் குறையைச் சுட்டும். 'மறப்பு' செயலைச் சுட்டும். பின்னதே ஏற்றது. இவ்வாறே திரட்டப்படும் கிளைக்கும் கல்லுக்கும் அடையாக வரும் சொற்களை 'உறுதியான' என்று பெயர்ப்பதினும் 'நிலைத்த', 'எஞ்சிய' என்று பெயர்ப்பது தகும். அவை பொருளின் தரத்தைக் கூறவில்லை, மறப்பிலிருந்து தப்பியதைக் கூறுகின்றன.

5.3 தானே நிகழும் போர்: 'தானியங்கிப் போர்' என்னும் ஆக்கம் எளிதில் தோன்றுவது. ஆனால் 'தானியங்கி' பொறியைக் குறிக்கும். மாந்தச் செயலற்ற இயக்கம் என்னும் எண்ணத்தைத் தரும். போர் தானியங்குவதாகத் தோன்றுவது ஆடுபவரின் நோக்கில் மட்டுமே. கதையின் நோக்கில் நாயகன் தானே போரிடுகிறான். 'தானே' என்னும் சொல் 'பிறர் இயக்காமல்' என்றும் 'அவன்தான்' என்றும் இருபொருள் தருவதால், 'தானே நிகழும் போர்' என்னும் தொடரில் இருநோக்கும் அடங்கும்.

6. திணைச் சிக்கல்

பகைகளுட் பல பேசுகின்றன. கொள்ளையரும் காட்டேரியும் நாயகனோடு உரையாடுகின்றனர். ஆங்கிலத்தில் இவர்களை அடுத்துவரும் வினை திணை காட்டாது. தமிழில் 'வந்தது' என்பதா, 'வந்தான்' என்பதா என முடிவுசெய்தே ஆகவேண்டும். காட்டேரி தமிழ் வழக்கில் அஃறிணை முடிபு பெறும். ஆனால் அவனே பிரபுவாகி நிலத்தை ஆளும்போது அஃறிணை பொருந்தாது.

இச்சிக்கல் இடையூறு போலத் தோன்றினும் நல்வாய்ப்பாகும். மறந்தவற்றை மீண்டும் அறிதலே கதையின் பொருள். பகை வாய்திறக்கும்வரை அஃறிணையாகவும், பேசியபின் உயர்திணையாகவும் கூறப்படுமானால், நாயகன் அதனை யாரென அறிந்துகொள்ளும் கணத்தைத் தமிழ் வினைமுற்றின் ஈறே காட்டும். மூலத்தில் இல்லாத நயம் என இதனை ஒதுக்கவேண்டியதில்லை. மொழி கட்டாயமாகக் கேட்கும் ஒன்றைக் கதைக்கு இயைய விடையளிப்பதே இது.

7. குறைகள்

விளையாட்டின் குறைகளையும் சுட்டவேண்டும். பாசறைப் பகுதியில்தான் ஆடுபவர் உண்மையான வினைமுதல். 'கட்டினார்' என்று அவரைக் கூறலாம். ஆனால் ஒரு கட்டடத்திற்கு வேண்டிய பொருளைத் திரட்ட ஒரேவகைச் சுற்றுகளைப் பலமுறை காணவேண்டியுள்ளது. அப்போது ஏவாமை என்னும் துறவு, வெறும் காத்திருத்தலாகத் தாழ்கிறது. படைக்கலம் மாற்றுதலும் அவ்வாறே. பை நிறைந்தால் பழையவை நீங்கிவிடுமாதலால் ஆடுபவர் ஓயாமல் எண்களை ஒப்பிட்டவாறு இருக்கிறார். நிலத்தின் மேல் இருக்கவேண்டிய கவனம் கருவியின் மேல் சென்றுவிடுகிறது. நிலத்தில் காட்டிய சிக்கனத்தை விளையாட்டு கருவியில் காட்டவில்லை.

8. முடிவுரை

'லூப் ஹீரோ' போரில் வெல்லும் கலையைக் கற்பிக்கவில்லை. ஒருவன் வெல்வதற்குரிய உலகை அமைத்துத் தந்து விலகி நிற்கும் கலையைக் கற்பிக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் நிலையும் இதற்கு அணித்தே. கதையில் நிகழும் எவ்வினைக்கும் அவர் வினைமுதல் அல்லர். சொற்களை அடுத்தடுத்து வைப்பதே அவர் செயல். வைத்த சொல் தவறான இடத்தில் ஓர் ஏவலாக ஒலிக்குமானால் விலகி நிற்றல் என்னும் அறம் அழிந்துபடும். கணிப்பொறி விளையாட்டுகளைத் தமிழாக்குவோர்க்குச் சொற்பட்டியலோடு, ஒவ்வொரு வினைக்கும் கருத்தா யார் என்னும் குறிப்பும் தரப்படவேண்டும். அக்குறிப்பைக் கேட்டுப் பெறும் உரிமையை மொழிபெயர்ப்பாளரும் விட்டுக்கொடுத்தல் ஆகாது.