அகழ்வாரும் அகழ்விப்பாரும்: கோலார் தங்கவயலை முன்வைத்து ஒரு குறள் வாசிப்பு

நிலம் அண்டத்தின் நடுவன்று என்பது, கோப்பர்னிக்கசின் நூல் வெளிவந்த 1543க்குப் பின் படிப்படியாக ஏற்கப்பட்ட உண்மை. ஆயினும் நிலத்தை நடுவாக வைத்து நோக்கும் முறை வழக்கொழியவில்லை. விண்மீனின் உயரத்தை அளந்து திசையறியும் மாலுமிக்கு நிலம் நிற்க, வானமே சுழல்கிறது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 30ஆம் பாடலில், ஞாயிற்றின் இயக்கத்தையும் காற்றின் திசையையும் நேரிற்சென்று அளந்தவர்போல் உரைப்போரும், பாய் இறக்காமல் ஆற்றுமுகம் புகும் பெருங்கலமும் ஒருங்கே இடம்பெறுகின்றனர். இங்கு மையம் என்பது மாந்தர் நின்று அளக்கும் நிலையேயாகும்.

அறத்திலும் நிலம் அளவுகோலாகிறது. திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்து முதற்குறள் (151), இகழ்வோரைப் பொறுத்தலுக்கு, தன்னைத் தோண்டுவோரையும் சுமக்கும் நிலத்தை உவமையாக்குகிறது. தோண்டுவோர் வீழாதவாறு நிலம் சுமக்கிறது எனப் பரிமேலழகர் விளக்குவார். இவ்விளக்கம் கோலார் தங்கவயலில் கடுஞ்சோதனைக்கு உள்ளாகிறது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய அகழ்வு, பின்னாளில் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. தோண்டிய வெற்றிடத்தைச் சுற்றிய பாறையில் அழுத்தம் குவிந்து, திடீரெனச் சிதறும் பாறைவெடிப்புகள் தொழிலாளர் பலரின் உயிரைப் பறித்தன. அவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட தமிழர். குறளின் உவமையில் 'அகழ்வார்' இகழ்வோரின் இடத்தில் நிற்கின்றனர். தங்கவயலிலோ அகழ்ந்தவரே சுமந்தவர். ஆதாயம் 'அகழ்விப்பார்' கைக்குச் சென்றது. உவமையின் எல்லாக் கூறும் பொருளோடு ஒத்தல் வேண்டா என்பது மரபு; அது சரியே. எனினும் தன்வினையைப் பிறவினையாக்கி நோக்கும்போதுதான் உவமை சொல்லாமல் விட்ட பொறுப்பு புலப்படுகிறது.

1965இல் இச்சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின. பிற அண்டக் கதிர்களைப் பாறை தடுத்ததால், வானத்தை அறிய நிலத்துள் இறங்க வேண்டியிருந்தது. அவ்வறிவுக்கு வழியமைத்த சுரங்கங்களைத் தோண்டியவர் இத்தொழிலாளரே. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சயனைடு கலந்த கழிவுமணல் மேடுகள் ஊரருகே எஞ்சின.

குறள் கூறும் பொறை, இகழப்பட்டவருக்கு உரைத்த அறம். அகழ்விப்பாருக்கு அளித்த உரிமையன்று. நிலத்தை மையமாகக் கொள்ளும் அறம், சுமப்போர் நிற்கும் இடத்திலிருந்தே அளக்கப்படுதல் வேண்டும்.